பசுவின் குலமும் பசுவின் தீனியும்

பசு ஒன்று போதிய பால் தரவில்லையென்றால் அதன் ஜாதி மட்டமானது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவது நம்மிடையே வெகுநாளாக வேரூன்றிவிட்ட வழக்கம். சந்தைத் தரகர் முதல் திட்டம் வகுக்கும் அதிகாரி வரையில் இந்த அபிப்பிராயத்தில் பேதமில்லை. பால் பெருக வேண்டுமானால் உயர்ந்த இனத்துக் காளையின் விந்தைக் கொண்டுவந்து ஊசி போடவேண்டும், அல்லது வெளியூரிலிருந்து ஜாதி மாடாகப் பார்த்து வாங்கிவர வேண்டும், மற்றதெல்லாம் தானே நடக்கும் என்பது இந்தக் கொள்கையின் சாரம். இதை எதிர்ப்பவர்களாகத் தங்களைக் கருதிக்கொள்ளும் நாட்டுமாட்டு அபிமானிகளும், உற்று நோக்கினால், இதே கொள்கையைத்தான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறார்கள். ஒரு சாரார் ஜெர்ஸியின் ரத்தத்தில் வைக்கும் நம்பிக்கையை மற்றொரு சாரார் காங்கேயத்தின் ரத்தத்திலும் கிர் மாட்டின் ரத்தத்திலும் வைக்கிறார்கள். அந்த மாட்டின் முன்னே இருக்கும் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று இரு சாராரும் பார்ப்பதில்லை. இந்தக் கொள்கை தவறானது என்பதோடு, ஏழைக் குடியானவனைக் கடனாளியாக்கி, வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுக்கொண்டே அதன் பிறப்பைப் பழிக்கும் கொடுமைக்கும் காரணமாயிருக்கிறது என்பதால், அதை விரிவாக மறுப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடலாம். பரம்பரைக் குணம் பாலுக்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஏருக்கும் வண்டிக்கும் ஏற்ற காளைகளைப் பெறுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட காங்கேயம் பசுவுக்கு எத்தனை சத்துப் பொருள்களை ஊட்டினாலும் அது ஹோல்ஸ்டைன் பசுவைப்போல் நாளொன்றுக்கு 30 லிட்டர் கறந்துவிடாது. இனம் ஓர் எல்லையை வகுக்கிறது. அந்த எல்லையை எந்தத் தீவனமும் தாண்டச் செய்யாது. ஆயினும் ஒரே மந்தையில் ஒரே இனத்துப் பசுக்களிடையே காணும் பால் வித்தியாசத்தில் பரம்பரைக்கு உரிய பங்கு நூற்றுக்கு 25 முதல் 30 வரைதான் என்பது மரபியல் அறிஞர்களின் கணக்கு. எஞ்சிய பெரும்பங்கு தீனி, நீர், நிழல், நோய், கறப்பவர் கை முதலிய சூழ்நிலைகளுக்கு உரியது; அவற்றுள் தலையானது தீனி. நம் மாடுகளில் பெரும்பாலானவை தம் இனம் வகுத்த எல்லையை எட்டியதே இல்லை. எட்டாத எல்லையை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இனத்தை மாற்றினால் பால் பெருகும் என்ற கொள்கைக்குத் தமிழ்நாட்டைக் காட்டிலும் நல்ல பரீட்சைக் களம் அகப்படாது. ஊர்தோறும் கால்நடை மருந்தகங்களில் செயற்கைக் கருவூட்டல் நடந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பகுதி கலப்பினம். அதாவது, கேட்ட மாற்றம் வந்துவிட்டது, ரத்தம் மாறிவிட்டது. அப்படியிருந்தும் நல்ல பண்ணை ஒன்றில் 15 லிட்டர் கறக்கும் அதே ஜெர்ஸிக் கலப்பு, பக்கத்து ஊர்க் கொட்டகையில் ஆறேழு லிட்டரோடு நின்றுவிடுவதை யாரும் பிரத்தியட்சமாகக் காணலாம். இரண்டுக்கும் தந்தை ஒரே காளையாகவும் இருக்கக்கூடும். அந்தக் கொட்டகைக்குப் போய் விசாரித்தால், காலையில் ஒரு கட்டு வைக்கோல், கழுநீரில் கரைத்த ஒரு படி தவிடும் கொஞ்சம் பிண்ணாக்கும், பகலில் வரப்போரத்தில் இரண்டு மணி நேர மேய்ச்சல், மாலையில் மறுபடியும் வைக்கோல் என்றுதான் பதில் வரும். இந்த ஆகாரத்தில் அந்தப் பசு உயிரோடிருப்பதும், அதற்கு மேல் ஆறு லிட்டர் பால் கொடுப்பதும் அதன் பெருந்தன்மை என்றே சொல்லவேண்டும்.

வைக்கோலை நான் இழித்துப் பேசவில்லை. ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறியாமல் மாடு வளர்ப்பது இயலாத காரியம். மாடு புல்லைத் தின்று பாலாக்குகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறோம். உண்மையில் மாட்டின் சரீரத்துக்குப் புல்லின் நாரை நேராக ஜீரணிக்கும் சக்தி கிடையாது. அதன் நான்கு அறை வயிற்றில் முதலாவதான பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை நாரை உடைத்துப் புளிக்கச் செய்து அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களே பசுவுக்குச் சக்தியாகின்றன, அவற்றுள் ஒன்றான அசிட்டிக் அமிலமே பாலின் கொழுப்புக்கு மூலப்பொருளாகிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே பின்னறைகளில் ஜீரணமாகிப் பசுவுக்குப் புரதமாகின்றன. ஆகவே மாட்டுக்குத் தீனி வைக்கிறவர் முதலில் இந்த நுண்ணுயிர்களுக்கு வைக்கிறார். தீனியின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 7 பங்காவது புரதம் இல்லாவிட்டால் அவை செழிக்க மாட்டா. அவை செழிக்காவிட்டால் நார் உடையாது. நெல் வைக்கோலில் உள்ள புரதமோ நூற்றுக்கு 3 அல்லது 4. அதிலும் மணற்சத்து மிகுந்திருப்பதால் ஜீரணம் தடைப்படுகிறது; ஆக்ஸலேட் என்னும் உப்பு சுண்ணாம்புச் சத்தைப் பிணித்து வீணாக்குகிறது. உடையாத வைக்கோல் பெருவயிற்றில் நாட்கணக்கில் தங்கி இடத்தை அடைத்துக்கொள்வதால் மாடு மேற்கொண்டு தின்னவும் மறுக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு வயிறு புடைத்திருக்கிறது. உள்ளே அந்த ஜீவன் பசித்திருக்கிறது.

பெருவயிற்றின் இந்த அற்புதத்தை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் பின்லாந்து தேசத்து ரசாயன விஞ்ஞானி விர்ட்டனென். 1960-களில் அவர் தம் பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீனியைக் கொடுத்து, யூரியாவையும் அம்மோனியா உப்பையும் மட்டுமே நைட்ரஜனுக்கு ஆதாரமாக்கி, பால் கறந்து காட்டினார். நுண்ணுயிர்களின் தேவையைப் பக்குவமாகப் பூர்த்தி செய்தால் அவை எதையும் பாலாக்கும் என்பது அதன் பொருள். இதற்கு முன்பே, 1945-இல், அவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்திருந்தது. பசுந்தீவனத்தைச் சத்துக் கெடாமல் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தது அந்தப் பரிசுக்குரிய சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது. மாட்டுத் தீனியை அறிவின் உயர்ந்த துறைகளுள் ஒன்றாக உலகம் அன்றே மதித்திருக்க, நாமோ இன்னும் அதை வீட்டில் மிஞ்சியதைக் கொட்டும் காரியமாகவே நினைக்கிறோம்.

பாலின் கணக்கைப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். பத்து லிட்டர் பாலில் ஏறக்குறைய 330 கிராம் புரதமும், 400 கிராம் கொழுப்பும், அதற்குச் சற்று மேல் சர்க்கரையும், 12 கிராம் சுண்ணாம்புச் சத்தும் வெளியேறுகின்றன. இவை தினந்தோறும், பத்து மாத காலம், அந்தச் சரீரத்திலிருந்து போகின்றன. தொட்டியிலிருந்து வராததை மாடு தன் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும். உயர்ந்த இனத்துக்கும் சாமானிய இனத்துக்கும் உள்ள முக்கியமான பேதம் இங்கேதான் விளங்குகிறது. தீனி குறைந்தால் நாட்டுப் பசு பாலை வற்ற வைத்துக்கொண்டு தன் உயிரைக் காத்துக்கொள்ளும். பாலுக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனமோ தன்னைக் கரைத்துப் பால் கொடுக்கும். விலா எலும்பு தெரியும்; சினைப்பருவம் தப்பும்; ஊசி போட்டும் போட்டும் சினை பிடிக்காது; கன்று ஈன்ற மறுநாளே பால் காய்ச்சலில் விழுந்து எழ முடியாமல் கிடக்கும். பிறகு, கலப்பின மாடே இப்படித்தான், நோஞ்சான் ஜாதி என்று அதற்கு ஒரு பழிச்சொல். போதிய தீனியில்லாத இடத்தில் உயர்ந்த இனத்தைக் கொண்டுபோய்க் கட்டுவது அபிவிருத்தி அன்று. அந்த மாட்டுக்கும் அதை வாங்கியவருக்கும் இழைக்கும் தீங்கு.

மேல்நாட்டுப் பசு ஏராளமாய்க் கறக்கிறதே, அது இனத்தின் பெருமையல்லவா என்று கேட்பார்கள். அந்தப் பெருமை எப்படி வந்தது என்று டென்மார்க்கின் சரித்திரத்தைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை வீழ்ந்தபோது அந்நாட்டு விவசாயிகள் தானியத்தை விற்பதை விட்டு, அதைப் பசுவின் வழியாக வெண்ணெயாக்கி விற்கத் துணிந்தார்கள். குளிர்காலம் முழுதும் அரைப்பட்டினி கிடந்த பசுக்களுக்குக் கிழங்கு வகைகளைப் பயிரிட்டார்கள். குளோவர் என்னும் பயறினப் புல்லை வளர்த்தார்கள். பிண்ணாக்கைக் கப்பலில் இறக்குமதி செய்தார்கள். 1895-இல் வெயன் என்னும் ஊரில் அவர்கள் அமைத்த பால் பரிசோதனைச் சங்கம் உலகத்துக்கே முன்னோடி. அந்தச் சங்கத்தின் ஊழியர் பண்ணை பண்ணையாகச் சென்று பசு கறந்த பாலை நிறுத்தார். அதோடு பசு தின்ற தீனியையும் நிறுத்தார். எந்தப் பசு எவ்வளவு தின்று எவ்வளவு கொடுக்கிறது என்று அறிந்த பிறகுதான் எதன் கன்றை வைத்துக்கொள்வது என்று நிர்ணயித்தார்கள். பட்டினி கிடக்கும் மந்தையில் எந்தப் பசு உயர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்ற எளிய நியாயத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் அவர்கள் செய்ததன் முடிவை மட்டும் உறைந்த விந்தாக இறக்குமதி செய்துகொண்டு, அதற்கு முந்தியதை அங்கேயே விட்டுவிட்டோம்.

நம் தேசத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குஜராத்திலுள்ள ஆனந்துக்கு அருகே ஒரு தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அது பால் பவுடர் ஆலையன்று. கஞ்சரி என்னுமிடத்தில், பால் தொழிலில் வெற்றி கண்டிருந்த கெய்ரா பால் கூட்டுறவு ஒன்றியம் நிறுவிய மாட்டுத்தீவன ஆலை. முதல் நாளிரவு அஜர்புரா கிராமத்தில் தங்கிக் குடியானவர்களோடு நெடுநேரம் பேசிய பிரதமர், இங்குள்ள எருமைகள் என் உத்தரப் பிரதேசத்து எருமைகளைவிட மேலானவையாகத் தோன்றவில்லையே, பிறகு எப்படி இந்த வெற்றி என்ற கருத்துப்படக் கேட்டதாக, அந்த ஒன்றியத்தை நடத்திவந்த வர்கீஸ் குரியன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். விவசாயிகள் தாமே உடையவர்களாயிருப்பதே காரணம் என்று சாஸ்திரி முடிவு கட்டினார், அது உண்மை. மறு ஆண்டில் தேசிய பால்பண்ணை அபிவிருத்தி வாரியம் பிறந்ததும் அந்த விஜயத்தின் பலன். ஆனால் சொந்தக்காரர்களான அந்த விவசாயிகள் தங்கள் பால் பெருகுவதற்கு எதை நாடினார்கள் என்பதையும் நினைக்கவேண்டும். உயர்ந்த இனமில்லையே என்று உட்கார்ந்திராமல், இருக்கிற எருமைக்கு நல்ல தீனி வைக்க வழி தேடினார்கள்.

நாட்டுமாட்டு அபிமானிகளுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம் மாட்டின் கம்பீரத்தில் எனக்கும் பெருமிதம் உண்டு. அந்த இனத்தைக் காத்தது கொங்குநாட்டுக் கொரங்காடு. மழை குறைந்த அந்தச் சீமையில், கிளுவை முள்வேலிக்குள், வெள்வேல மரங்களின் நிழலில், கொழுக்கட்டைப் புல்லும் பயற்றங்கொடிகளும் மண்டிய மேய்ச்சல் காடுகளைச் சொந்தப் பட்டா நிலத்தில் பேணி, பட்டி மாற்றி மேய்த்து, புல் விதை உதிர்ந்து மறுபடி முளைக்க இடைவெளி விட்டு, தலைமுறை தலைமுறையாக அக்குடியானவர்கள் காப்பாற்றி வந்தார்கள். புல்லும் பயறும் மர இலையும் காயும் சேர்ந்த அந்த ஆகாரத்தைச் சாஸ்திரம் கற்றவரும் குறை சொல்ல முடியாது. இன்று கொரங்காடுகள் மனைகளாகவும் ஆலைகளாகவும் சுருங்கி வருகையில், காட்டை விட்டுவிட்டு மாட்டின் பெயரை மட்டும் போற்றுவது பாதி பக்தி.

இனி, தீனிதான் முக்கியம் என்பதை ஏற்றுக்கொண்டும் வழி தவறுகிறவர்கள் உண்டு. பால் வேண்டுமென்றால் மூட்டைத் தீவனத்தை இன்னும் இரண்டு கிலோ கூட்டிப் போடு என்பது அவர்கள் சித்தாந்தம். உடல் பராமரிப்புக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் என்பது அனுபவத்தில் நிலைத்த கணக்கு. ஆனால் மாடு தின்னும் உலர் எடையில் மூன்றில் இரண்டு பங்கு புல்லும் தட்டும் போன்ற நார்த்தீவனமாக இருக்கும் வரையில்தான் அந்தக் கணக்கு செல்லும். நார் குறைந்தால் அசைபோடுவது குறையும். அசை குறைந்தால் நாள்தோறும் நூறு லிட்டருக்கு மேல் சுரந்து வயிற்றின் புளிப்பைத் தணிக்கும் உமிழ்நீர் குறையும். பெருவயிறு புளித்து, நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, பாலில் கொழுப்பு விழுந்துவிடும். மாட்டின் மேலுள்ள பிரியத்தால் சோற்றையும் விருந்தில் மிஞ்சியதையும் தொட்டி நிறையக் கொட்டி, மறுநாள் மாட்டையே இழந்த குடும்பங்கள் கிராமந்தோறும் உண்டு. சங்கத்தில் டிகிரி வரவில்லை, கொழுப்பு வரவில்லை என்று விலை குறையும்போது அளக்கிறவர் மேல் சந்தேகப்படுகிறோம். பெரும்பாலும் குறை தொட்டியில் இருக்கிறது. தேசிய பால்பண்ணைத் திட்டத்தின் முதற்கட்டத்தில், 2011-12 முதல் 2018-19 வரை, மாடு மாடாகத் தீனியைக் கணக்கிட்டுச் சமன் செய்து கொடுத்தபோது, பால் கூடியதோடு தீவனச் செலவும் குறைந்தது என்பதே கண்ட பலன். பல இடங்களில் பிண்ணாக்கு தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்க, நாளைக்கு 30 முதல் 50 கிராம் வைக்கவேண்டிய தாது உப்புக் கலவை மட்டும் இல்லாதிருந்தது.

நிலம் எங்கே, நீர் எங்கே என்பது கடைசி ஆட்சேபம். இதுதான் கௌரவமாகப் பதில் சொல்லத் தகுந்தது. இந்தியாவில் சாகுபடி நிலத்தில் தீவனப் பயிருக்குக் கிடைத்த பங்கு நெடுங்காலமாக நூற்றுக்கு நான்கை ஒட்டியே நிற்கிறது. மேய்ச்சல் புறம்போக்குகள் மறைந்தன. குட்டை நெல் ரகங்கள் வந்தபோது மணி பெருகியது, வைக்கோல் குறைந்தது. சோளமும் கம்பும் ராகியும் பின்வாங்கியபோது அவற்றின் தட்டும் தாளும் போயின. நெல்லின் விளைச்சலை அளந்தவர்கள் யாரும் மாட்டைக் கேட்கவில்லை. இவையெல்லாம் மெய். ஆயினும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் புல் ஹெக்டேருக்கு ஆண்டில் 400 டன் அளவுக்கு விளையக் கூடியது. ஏக்கருக்கு 160 டன். நம் வயலில் அதில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 200 கிலோவுக்கு மேல் பசும்புல்; மாட்டுக்கு 25 கிலோ வீதம் எட்டு மாடுகளுக்குப் போதும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கால் ஏக்கர் நிலமே தேவை. வரப்பில் வேலிமசாலும் வேலியோரத்தில் அகத்தியும் கிளைரிசிடியாவும் வைத்தால் புரதத்துக்குப் பிண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கலாம். மழைக்காலத்தில் மிஞ்சும் மக்காச்சோளத் தட்டைப் பால் பிடிக்கும் பருவத்தில் வெட்டி நறுக்கிக் காற்றுப் புகாமல் மிதித்து மூடி ஊறுகாய்ப்புல்லாக்கினால் கோடைக்கு உதவும்.

சொந்த நிலமே இல்லாதவருக்கும் வழி உண்டு. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஐம்பது லிட்டர் தண்ணீரில் கரைத்து, சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் வைக்கோலின் புரதம் இரு மடங்காகிறது, ஜீரணமும் கூடுகிறது. யூரியாவை நேராக மாட்டுக்குக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து என்பதால் இதை ஒரு தடவை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஊசி போட வீடு தேடி வருகிறவர்களே இதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

கறக்கிற மாட்டுக்கு மட்டும் தீனி, மற்றவற்றுக்கு மிச்சம் என்ற வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சினை வயிற்றில் கன்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதங்களில் வளர்கிறது. அடுத்த ஈற்றுக்கான மடியும் அப்போதுதான் உருவாகிறது. நாமோ பால் வற்றியதும் தொட்டியை வற்ற வைத்துவிடுகிறோம். கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பசு தன் உச்சத்தை எட்டும். அந்த உச்சத்தில் ஒரு லிட்டர் கூடினால் அந்த ஈற்று முழுவதிலும் ஏறக்குறைய 200 லிட்டர் கூடுகிறது. அந்த ஒரு லிட்டரைத் தீர்மானிப்பது ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதத் தீனி. கிடேரிக் கன்றின் கதி இன்னும் பரிதாபம்: நன்றாக வளர்த்தால் இரண்டரை வயதில் ஈனக்கூடியது, மூன்றரை வயது வரை தவிட்டுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டிருக்கிறது. உயர்ந்த காளையின் விந்துக்குச் செலவிட்ட பணமெல்லாம் அந்த ஓராண்டில் வீணாகிறது.

பால் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளையும் கால்நடைத் துறையினரையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு மாட்டுக்கு ஊசி போடும் அன்றே அந்த வீட்டுக்கு ஒரு கட்டுக் கோ-4 கரணையும், ஒரு கைப்பிடி வேலிமசால் விதையும், ஒரு கிலோ தாது உப்புக் கலவையும் போய்ச் சேரவேண்டும். பாலை அளக்கும் சங்கம் மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த வீட்டுத் தொட்டியையும் வந்து பார்க்கவேண்டும். மாடு வாங்கக் கடன் கொடுக்கும் வங்கி, கால் ஏக்கர் புல்லுக்கும் புல் நறுக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்தே கடன் கொடுக்கவேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் மாட்டுக் கடனையே கொடுக்கக் கூடாது. மாடு வளர்க்கும் அன்பர்களோ, இருக்கிற பசுவை விற்றுவிட்டு வேறு ஜாதி மாடு தேடிச் சந்தைக்குப் புறப்படுமுன், அதே பசுவுக்கு ஓர் ஈற்றுக் காலம் வயிறார, அளவறிந்து தீனி வைத்துப் பாருங்கள்.